மஞ்சள் விளக்கும் கறுப்பு டேப்பும்

குரு என்றதும் தாடியையும் தண்டத்தையும் தேட வேண்டாம். இந்தக் குருவின் பெயர் மெகராஜ். வயது முப்பத்தாறு. மலையடிவாரத்தில், வனத்துறைச் சோதனைச் சாவடிக்கு எதிரே, ஒரு தகரக் கொட்டகையில் வண்டிகளுக்கு வயரிங் பார்க்கிறவர். கணவர் இறந்ததும் ஷெட்டை மூடிவிடுவார் என்று ஊரே எதிர்பார்த்தது. அவர் பாட்டுக்கு டெஸ்டரைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சீடன் தவசிக்கு ஐம்பத்து மூன்று. இருபத்தெட்டு வருஷம் அந்த மலையில் ஜீப் ஓட்டிய மனிதர். தூரப் பார்வை மங்கி லைசென்ஸ் போன பிறகு இங்கே தொழிலுக்கு வந்தார். கிட்டத்தில் கண்ணாடி போட்டால் தெரியும். வயரின் நிறம் பார்க்க அது போதும். ஷெட்டுகளில் தொழில் சொல்லித் தந்தவரைக் குரு என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் அப்படியே கூப்பிட்டார். குரு அவரை அண்ணே என்பார்.

அன்று செவ்வாய்க்கிழமை. விபத்து நடந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. டிங்கரிங் முடிந்து, பெயின்ட் அடித்து, அந்த வெள்ளை ஜீப் வயரிங்குக்காக ஷெட்டுக்குள் நின்றது. அதைப் பார்க்காமல் இருப்பதற்காகவே தவசி காலையிலிருந்து ஒரு பழைய ஹாரனைப் பிரித்துப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மேல புது டிரைவர் போட்டாச்சாம். நாளைக்கு வண்டி ஏறணும். சுவிட்சப் பாத்து விட்டுருங்க" என்றார் குரு.

"இந்த வண்டிக்குச் சுவிட்சு வேண்டாம் குரு."

"மழை வந்தா களிமண் மேட்டுல யாரு தள்ளுவா? நீங்களா?"

தவசி ஹாரனின் மூடியை மறுபடியும் கழற்றினார்.

அந்தச் சுவிட்சின் கதையைச் சொல்லிவிட வேண்டும். புது ஜீப்புகளில் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் என்று ஒன்று வருகிறது. சக்கரம் வழுக்கினால் அதுவே என்ஜினை அடக்கி, எந்தச் சக்கரத்துக்கு வேண்டுமோ அதற்கு மட்டும் பிரேக் பிடித்து, வண்டியை நேராக வைத்திருக்கும். தார் ரோட்டில் அது தாய் மாதிரி. சேற்றில் அதே தாய் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. மலை உச்சிக் குடியிருப்புக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே களிமண் மேடு. அங்கே சக்கரம் வழுக்கத்தான் செய்யும், வழுக்கி வழுக்கித்தான் ஏற வேண்டும். ஏறுகிற நேரம் பார்த்து வண்டி, விழப்போகிறாய் என்று என்ஜினை அடக்கிவிடும். போன வருஷம் நெஞ்சுவலிக்காரர் ஒருவரை அந்த மேட்டில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் தள்ளினார்கள். வண்டி ஏறியபோது அவர் இல்லை.

அந்த ஜீப்பை ஓட்டியவன் பொம்முராசு. தவசியின் தங்கை மகன், தவசியின் மகள் பவளத்தைக் கட்டியவன். அவன்தான் வந்து சுவிட்ச் கேட்டான். குருதான் எந்த வயரை அறுக்க வேண்டும் என்று தவசிக்குக் காட்டினார். ஆனால் அவர் எடுத்துக் கொடுத்தது ஸ்பிரிங் சுவிட்ச். அழுத்திப் பிடித்திருக்கும்வரை கன்ட்ரோல் தூங்கும், கையை எடுத்தால் விழித்துக்கொள்ளும்.

"ஏன் குரு, சும்மா தட்டிவிடுற சுவிட்சே போடலாமே?" என்று அன்று தவசி கேட்டார்.

"டிரைவர் மறப்பான். அவன் மறக்கிறப்ப சுவிட்சுக்கு ஞாபகம் இருக்கணும்" என்றார் குரு.

பத்து நாளில் பொம்முராசு திரும்பி வந்தான். மேட்டில் ஸ்டியரிங் பிடிக்க ஒரு கை, கியருக்கு ஒரு கை, சுவிட்சை அழுத்த மூன்றாவது கையை எங்கிருந்து கொண்டுவருவது என்று சிரித்தான். "மாமா, தட்டிவிடுறதே போட்டுக் குடுங்க. தார் தொடங்குற எடத்துலதான் கருப்பன் இருக்காரே. அங்க எப்படியும் நிப்பேன். சூடம் கொளுத்துறப்ப தட்டி விட்டுக்கிறேன்."

அது அந்த மலையின் வழக்கம். கல்லாக நிற்கும் எல்லைக் கருப்பனிடம் நிற்காமல் எந்த வண்டியும் தார் ரோட்டில் இறங்காது. சூடம் காட்டி, நெற்றியில் பூசி, சேற்றுக்குப் போட்ட மலை கியரைத் தார் ரோட்டுக்கு மாற்றிக்கொண்டு கிளம்புவார்கள். இருபத்தெட்டு வருஷம் தவசியும் அப்படி நின்றவர்தான். கருப்பன் இருக்கும்போது மறதி எங்கிருந்து வரும் என்று அவருக்கும் தோன்றியது. குரு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில் தவசி சுவிட்சை மாற்றினார். கன்ட்ரோல் தூங்கும்போது மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். ஏறுகிறவர்கள் அதைப் பார்த்துப் பயந்து கேள்வி கேட்கிறார்கள் என்றான் பொம்முராசு. தவசி அதன் மேல் கறுப்பு டேப்பைச் சின்னதாக வெட்டி ஒட்டினார். கச்சிதமான வேலை என்று அவருக்கே பெருமையாக இருந்தது.

நாற்பது நாளைக்கு முன்னால் ஒரு சாயங்காலம், கொட்டும் மழையில், பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு பொம்முராசு இறங்கினான். மேட்டைத் தாண்டினான். கருப்பனிடம் நிற்கவில்லை. நான்காவது வளைவில் வண்டி பக்கவாட்டில் வழுக்கிப் பள்ளத்துப் பாறையில் டிரைவர் பக்கமாக மோதியது. பின்னால் இருந்த பெண்ணுக்குக் கை முறிந்தது. குழந்தை ஆம்புலன்ஸில் பிறந்தது. பொம்முராசின் உயிர் ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கவில்லை.

கருப்பனுக்கு நிற்காமல் போனான், கருப்பன் விடவில்லை என்று மலை முழுக்கப் பேச்சு. தவசி அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை.

"அப்பா."

வாசலில் பவளம். வெறுங்கால். எண்ணெய் காணாத தலை. கையில் காகிதப் பொட்டலம். ஐந்து மைல் மேலே கருப்பன்வரை நடந்துபோய், நடந்தே இறங்கி வந்திருக்கிறாள். செவ்வாயும் வெள்ளியும் இதுதான் அவள் வேலை. சாப்பாடு ஒரு வேளை.

"இந்தத் துன்னூற வண்டிக்குப் பூசி விடுங்கப்பா. புதுசா ஓட்டப்போறவருக்கும் பொண்டாட்டி இருப்பால்ல."

"வெயில்ல ஏந்தாயி இப்படி..."

"நாந்தானப்பா அன்னைக்குச் சூடம் வச்சு விட மறந்தேன். தெனமும் டேஷ்போர்டுல வைப்பேன். அன்னைக்குப் பாத்து மறந்துட்டேன். சூடம் இருந்திருந்தா அவரு நின்னுருப்பாரு." அழாமல் சொன்னாள். நாற்பது நாளாகச் சொல்லிச் சொல்லி அழுகை தீர்ந்துவிட்டிருந்தது. "அத்தையும் அதத்தான் சொல்லுறாக."

பொட்டலத்தை அப்பாவின் கையில் வைத்துவிட்டு, வெளியே வேப்பமர நிழலில் போய் உட்கார்ந்தாள்.

தவசி பொட்டலத்தோடு நின்றார். திருநீறு தரையில் சிந்தியது.

"குரு, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"ஒருத்தன் ஒரு தப்புப் பண்ணிட்டான். அது தப்புன்னு ஒருத்தருக்கும் தெரியாது. எல்லாரும் பழிய சாமி மேல போட்டாச்சு. சாமியும் ஒண்ணும் சொல்லல. அவன் வாயத் தொறக்கணுமா?"

குரு மேசை இழுப்பறையைத் திறந்து, ஒரு பழைய டீத்தூள் டப்பாவை எடுத்து, அதிலிருந்து ஒரு சுவிட்சை எடுத்தார். அவர் கொடுத்த ஸ்பிரிங் சுவிட்ச். அதைத் தவசி பழைய சாமானுக்குள் எறிந்திருந்தார்.

தவசிக்கு வேர்த்துவிட்டது. "எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

"கிரேன்காரனோட மொத ஆளாப் பள்ளத்துல எறங்குனது நாந்தானே. சுவிட்சு கீழ பாத்துக் கெடந்துச்சு. கன்ட்ரோலு தூங்கிட்டிருந்துச்சு." குரு சுவிட்சை மேசைமேல் வைத்தார். "வண்டி ஷெட்டுக்கு வந்த மறுநா பாத்தேன். மேல பாத்து இருந்துச்சு."

அதைத் தட்டிவிட்டது தவசிதான். ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, மருமகனின் ரத்தம் காய்ந்திருந்த சீட்டுக்குக் குறுக்கே கையை நீட்டித் தட்டிவிட்டார். அந்தச் சின்னச் சத்தம் அன்றிலிருந்து அவர் காதில் இருக்கிறது.

"நாப்பது நாளா ஏன் என்னையக் கேக்கல?"

"வயரக் காட்டிக் குடுத்தது நானு. உங்களக் கேட்டா எனக்கும் பதில் சொல்ல வரணுமே." குருவின் குரல் தாழ்ந்தது. "எனக்கும் வரலண்ணே."

இரண்டு பேரும் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே சாவடிக் கம்பத்தை யாரோ தூக்கினார்கள், இறக்கினார்கள்.

"ஏறி உக்காருங்க" என்றார் குரு.

தவசி டிரைவர் சீட்டில் ஏறினார். புது சீட் உறையின் வாசம் அடித்தது. குரு அந்தப் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"சாவியப் போடுங்க. சுவிட்சக் கீழ தட்டுங்க."

தட்டினார்.

"என்னா தெரியுது?"

"ஒண்ணும் தெரியல."

"டேப்பப் பிரிங்க."

வெயிலில் இறுகி, டேப் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. நகத்தால் சுரண்டினார். பாதிதான் வந்தது. மறுபடியும் சுரண்டினார். மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அந்த மழையில், நான்கு வளைவும், டேப்புக்கு அடியில் இது எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். அதை நினைத்ததும் தவசி ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். வயசான மனிதர் தேம்பி அழுவதைக் கேட்பது கொடுமை. குரு தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை.

நெடுநேரம் கழித்துத் தவசி நிமிர்ந்தார்.

"அவன் கருப்பங்கிட்ட நின்னுருந்தா அந்தப் புள்ள வண்டியிலேயே செத்திருக்குமா குரு?"

"தெரியாது."

"ஸ்பிரிங் சுவிட்சு இருந்தா அவன் பொழச்சிருப்பானா?"

"தெரியாது. நாலாவது வளைவு பழைய வண்டியையும் தள்ளியிருக்கு."

"சுவிட்சே போடாம இருந்திருந்தா?"

"மேட்டுலயே நின்னுருப்பாங்க."

தவசி கீழே இறங்கினார். டேப் துண்டு விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது. உதறினார், விழவில்லை. இன்னொரு விரலால் எடுத்தால் அந்த விரலில் ஒட்டியது.

ஷெட்டின் வாசல்வரை போய் நின்றார். வேப்பமரத்தடியில் பவளம் ஒரு காலை மடித்து வைத்துக்கொண்டு, ஊக்கால் உள்ளங்காலில் இருந்த முள்ளைத் தோண்டிக்கொண்டிருந்தாள். குழந்தையில் அவளுக்கு முள் குத்தினால் தெரு முழுக்கக் கேட்கும். இப்போது முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. தனக்கு வலிக்க வேண்டியதுதான் என்பதுபோல் ஊக்கை ஆழமாக விட்டாள்.

தவசி திரும்பி உள்ளே வந்தார்.

"சொன்னா அவ என்னைய அப்பான்னு கூப்பிடுவாளா?"

"மாட்டா."

"என் தங்கச்சி எங்கூடப் பேசுமா?"

"பேசாது."

"போனவன் திரும்பி வரப்போறதில்ல. எனக்கு இருக்கிறது இவ ஒருத்தி. அவளும் போயிருவா. அப்பச் சொல்லி என்னா ஆகப்போகுது குரு?"

குரு ஸ்பிரிங் சுவிட்சைப் பொருத்த ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்திருந்தார். மீட்டரில் இன்னும் மஞ்சள் வெளிச்சம் இருந்தது.

"லைட்டு எரிஞ்சா வண்டி பொழச்சிரும்னு யாரும் சொல்லலண்ணே" என்றார். "எரியிறது மட்டுந்தான் அதோட வேல."