யார் கொடுத்த பந்து

"நாளைக்கு ஒரு நாளாவது பந்தை நானே கூடையில போடுதேன்க்கா" என்றாள் பவுலின்.

பயிற்சி முடிந்து மற்றப் பெண்கள் வேனுக்குப் போய்விட்டார்கள். வசுமதி கூடைக்கடியில் கிடந்த பந்துகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

"போடேன்."

சண்டைக்கென்று வந்தவளுக்குச் சண்டை கிடைக்காவிட்டால் கோபம் இன்னும் ஏறும். பவுலினுக்கு ஏறியது.

அவள் கூடைப்பந்தில் கார்டு. பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறி, யார் கையில் சேர்த்தால் கூடையில் விழுமோ அவள் கையில் சேர்ப்பது அவள் வேலை. கல்லூரி அணியில் தொடங்கி, சம்பளத்துக்கு ஆடிய ஒவ்வொரு கிளப்பிலும் அதே வேலை. அடுத்த வருஷத்துக்கு அவள் வேண்டாமென்று கிளப் சொல்லிவிட்டது. நாளைக்குத்தான் கடைசி ஆட்டம்.

வசுமதி இந்த அணியின் பயிற்சியாளர். எல்லோருக்கும் கோச், பவுலினுக்கு மட்டும் அக்கா. கல்லூரி அணியில் சீனியர். முட்டி போனபின் ஆட்டத்தை விட்டு விசிலை எடுத்தவள்.

"அந்த நெட்டைப் பிள்ளையைப் பாத்தீங்கல்லா? போன ஆட்டத்துல வாயில ஊட்டுத மாதிரி குடுத்தேன். போட்டா. போட்டுட்டு கேமராவைப் பாத்து முத்தம் குடுக்கா. என் பக்கம் ஒரு விரல் நீளலை."

இந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பந்து விழுந்ததும், போட்டவள் தனக்குக் கொடுத்தவளைப் பார்த்து விரலை நீட்டுவாள். வாயைத் திறந்து நன்றி சொல்ல அங்கே யாருக்கு நேரம்?

"சின்னப் பிள்ள. மறந்திருப்பா" என்றாள் வசுமதி.

"எல்லாரும்தான் மறந்துட்டாங்க. இத்தனை வருஷம் குடுத்துக் குடுத்தே கை தேஞ்சு போச்சு. நான் போன மறுநாள் எவளுக்காவது என் பேரு ஞாபகம் இருக்குமா?"

சொல்லும்போதே அழுதுவிட்டாள். அழுததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டு, ஜெர்சியை இழுத்து மூக்கைத் துடைத்தாள்.

வசுமதி பையைக் கீழே வைத்தாள்.

"முதல் வருஷம் காலேஜ் ஃபைனல்ல, கடைசி நேரத்துல நீ போட்டு ஜெயிச்சோமே. ஞாபகம் இருக்கா?"

பவுலினின் முகம் தானாக மலர்ந்தது. "மறக்க முடியுமா! வலது மூலை. கையை விட்டுப் போகும்போதே தெரிஞ்சுட்டு, விழுந்துரும்னு. ஸ்டேடியமே எந்திரிச்சுட்டு. என்னைத் தோள்ல தூக்கி வச்சு வாசல் வரைக்கும் கொண்டு போனாளுங்க."

"பந்து யார் குடுத்தா?"

"கிளாடிஸ்."

"அவ காய்ச்சல்ல ஹாஸ்டல்ல கிடந்தா."

"அப்ப உமையாள்."

"அஞ்சு ஃபவுல் ஆகி வெளிய உக்காந்து அழுதுட்டு இருந்தா."

பவுலின் கண்ணை மூடினாள். கூடை தெரிந்தது. வலை ஆடியது தெரிந்தது. தோள்மேலிருந்து பார்த்த ஜனக்கூட்டம்கூடத் தெரிந்தது.

"முகம் வர மாட்டேங்குக்கா."

"சரி, விடு."

வசுமதி ஒரு பந்தை எடுத்தாள். "மூலைக்குப் போ."

பவுலின் வலது மூலைக்கு ஓடினாள். ஓடும்போதே வசுமதி இடது கையால் பந்தைத் தரையில் அடித்து அனுப்பினாள். அது தாழ்வாக வந்து, ஒருமுறை எழும்பி, பவுலினின் இடுப்பருகே வலது உள்ளங்கையில் மெத்தென்று உட்கார்ந்தது.

அன்றைக்கும் பந்து இப்படித்தான் வந்தது.

அந்தக் கல்லூரி அணியில் வசுமதியைத் தவிர வேறு இடது கைக்காரி கிடையாது.

"அக்கா."

வசுமதி குனிந்து முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"உங்க முட்டி... அன்னைக்கு ஜெயிச்ச பெறவு கூட்ட நெரிசல்ல கீழ விழுந்துட்டீங்கன்னுல்ல சொன்னாளுங்க?"

"நெரிசல்லாம் அப்புறம். பந்தைக் குடுத்துட்டுத்தான் விழுந்தேன்."

அப்படியானால் வசுமதி ஆடிய கடைசிப் பந்து அதுதான். பவுலின் கையிலிருந்த பந்தைப் பார்த்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லலையேக்கா. இத்தனை வருஷம் கூடவே இருந்துட்டு."

"எங்கட்டி சொல்ல? தரையில கிடந்து பாத்தேன். நீ மேல இருந்து சிரிச்சுக்கிட்டே போற. வலிதான், ஆனா பாக்க நல்லா இருந்துச்சு."

வெளியே வேன் ஹாரன் அடித்தது. பெண்கள் பசியில் இருந்தார்கள்.

"போட்டுட்டு வா. பந்தை எடுத்து வைக்கணும்" என்றாள் வசுமதி.

பவுலின் போட்டாள். கண் கலங்கியிருந்தது, பந்து வளையத்தில் இடித்து வெளியே தெறித்தது.

ஆனாலும் அவள் வலது கை உயர்ந்தது. விரல் வசுமதியை நோக்கி நீண்டது. நீண்டபடியே நின்றது.

வசுமதி சிரித்தாள். "விழாத பந்துக்கு எதுக்குட்டி கை காட்டுத?"

"இதுக்கு இல்லக்கா" என்றாள் பவுலின். "அன்னைக்கு விழுந்ததுக்கு."