தலை குனியாத அருவிக் குருவி

பறவைகள் பேசினால் மனிதர்களுக்குப் புரிந்த அந்தக் காலத்தில், வடக்கே பனி விழும் ஒரு நாட்டில் ஹால்டிஸ் என்று ஒரு ராணி இருந்தாள். மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து கிடக்கும் நாடு அது. அங்கே ஓர் ஆறு அருவியாக விழுந்து கடலுக்குப் போகும். அந்த ஆற்றங்கரையில், புல் மூடிய ஒரு சின்ன மண்மேட்டுக்குள், ராணியின் மகள் டோவா படுத்திருந்தாள். ஐந்து வயதில் காய்ச்சலில் போன குழந்தை. பழைய முறைப்படி அவளோடு ஒரு மரக்குதிரையையும் பால் குடிக்கும் கிண்ணத்தையும் வைத்து மூடியிருந்தார்கள்.

மண்ணுக்குள் இருப்பவர்களை யாராவது பாடிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்களுக்குத் தங்கள் பெயரே மறந்துபோகும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. அதனால் ராணி தினமும் பொழுது சாயும்போது மேட்டருகே உட்கார்ந்து பாடுவாள்.

“டோவா, என் டோவா, குளிருதா கண்ணே,
போர்வைக்கு வெளியே அம்மா இருக்கிறேன்.”

அவ்வளவுதான் பாட்டு. அதையே திரும்பத் திரும்பப் பாடுவாள்.

தினமும் தவறாமல் கேட்பதற்கு ஒரே ஒரு குருவி இருந்தது. ஆற்றுக் கல்லில் குடியிருந்த அது உடம்பெல்லாம் கறுப்பு, பார்க்க லட்சணமே கிடையாது. குரலெடுத்துப் பாடி யாரும் கேட்டதில்லை. ஆற்றிலேயே வாழ்ந்தும் தண்ணீர் என்றால் அதற்கு உயிர் போகிற பயம். காலில் துளி பட்டாலும் உதறிக்கொண்டு ஓடும். மற்ற பறவைகள் அதைக் கேலி செய்யும். ராணி மட்டும் கேலி செய்ததில்லை.

ஒரு கோடையில் ராஜா ஐவிந்த் தெற்கே கப்பலேறிப் போனார். போகும்போது பழைய தெய்வங்களைக் கும்பிட்டுவிட்டுப் போனவர், வரும்போது கழுத்தில் சிலுவையோடும் கூடவே ஒரு பாதிரியாரோடும் வந்தார். தெற்கத்தி அரசர்களோடு சண்டை ஓய வேண்டுமானால் நாடு முழுக்க ஞானஸ்நானம் பெற வேண்டும் என்று பேசி முடித்திருந்தார். ஆற்றங்கரையில் ஒரு கோயில் கட்ட வேண்டும், அங்கே இருக்கும் பழைய மண்மேடுகளை வெட்டிச் சமமாக்க வேண்டும், செத்தவர்களைக் கூப்பிடும் பாட்டுகளை நிறுத்த வேண்டும். இதெல்லாம் பேச்சில் அடக்கம்.

“எல்லா மேடுகளையுமா?” என்று ராணி கேட்டாள்.

“ஒன்றை விட்டால் எல்லாரும் கேட்பார்கள், ஹால்டிஸ். எனக்கு மட்டும் வலிக்காதா? அவள் எனக்கும் மகள்தான்.”

“அப்படியானால் மண்வெட்டியை நீங்களே பிடியுங்கள். வேலைக்காரன் கையில் கொடுக்காதீர்கள்.”

ராஜா எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு இந்த இடத்தில் அவர்மேல் எப்போதும் கோபம் வரும். சண்டைக்களத்தில் முதல் ஆளாக நிற்கிறவர், வீட்டுக்குள் கேட்ட ஒரு கேள்விக்கு முதுகைக் காட்டினார்.

குளிர்காலம் வந்தது. ஆறு உறைந்ததும் அருவிக்குக் கீழே பனியை உடைத்துக் குழி வெட்டினார்கள். ஊரே வரிசையில் நின்றது. மூழ்கி எழுந்தவர்களுக்கெல்லாம் பாதிரியார் ஒரு வெள்ளைச் சட்டை கொடுத்தார். நல்ல துணி. சட்டை ஆசையில் இன்னொரு தடவை வரிசையில் போய் நின்றவர்களும் உண்டு. ராணியின் முறை வந்தபோது அவள் கரையிலேயே நின்றாள்.

“வாருங்கள் அம்மா,” என்றார் பாதிரியார். நல்ல மனிதர்தான் அவர். குளிரில் உதடு நீலம் பாரித்தும் இடத்தை விட்டு நகராமல் நின்றார். “தலையை மட்டும் குனியுங்கள். இந்த நீரில் மூழ்கி எழுந்தவருக்குப் பழையது எதுவும் ஒட்டாது. பழைய பாட்டு நாக்கில் நிற்காது. மனப்பாரம் போய்விடும்.”

“என் பாரத்தை இறக்கிவைக்கச் சொல்லி உங்களிடம் நான் கேட்டேனா?”

ராணி நிதானமாகப் பேசினாள்.

“ஐயா, உங்கள் கடவுளோடு எனக்கு வழக்கில்லை. உங்கள் நீர் பழைய பாட்டை அழிக்கும் என்கிறீர்கள். அதைக் காட்டுங்கள். என் பாட்டு தெரிந்த ஓர் உயிரை இதில் மூழ்கடியுங்கள். எழுந்தபின் அதற்குப் பாட வராவிட்டால், நானே மண்வெட்டி எடுத்து என் மகளின் மேட்டை வெட்டுகிறேன். பாடிவிட்டால், அந்த மேட்டை இனி யாரும் தொடக்கூடாது.”

பாதிரியாருக்குத் தம் நீர்மேல் நம்பிக்கை இருந்தது. அவர் தலையசைத்தார். ஊரார் முன்னால் ராஜாவும் வாக்குக் கொடுத்தார்.

ஆனால் யார் வருவார்கள்? பாட்டு தெரிந்தவர்கள் சிலர் இருக்கத்தான் செய்தார்கள். ராஜா பார்த்துக்கொண்டிருக்கும்போது யாருக்கும் கால் எழவில்லை. தோற்றுவிட்டோம் என்றே அவள் நினைத்தாள்.

“நான் வருகிறேன்,” என்றது ஒரு குரல். கல்லின் மேல் கறுப்புக் குருவி நின்றது.

“உனக்குத் தண்ணீர் என்றாலே பயமாயிற்றே,” என்றாள் ராணி.

“பயம்தான், ராணியம்மா. ஆனால் பாட்டு தெரியும்.”

“நீ பாடி ஒருநாளும் நான் கேட்டதில்லையே.”

“பாடு என்று யாரும் சொன்னதில்லையே.”

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். குருவி தத்தித் தத்திக் குழியின் விளிம்புக்கு வந்தது. ஒரு துளி தெறித்ததும் காலை உதறிக்கொண்டது.

“தலை குனி,” என்றார் பாதிரியார்.

குருவி முழங்காலை மடக்கியது. தலை நிமிர்ந்தபடியே இருந்தது. அவர் மறுபடி சொன்னார். அது மறுபடியும் முழங்காலை மட்டும் மடக்கியது. குளிர் தாங்காத பாதிரியார் போதும் என்று விட்டுவிட்டு, மந்திரம் சொல்லி அதை நீருக்குள் அமுக்கினார்.

பனிக்கு அடியில் நீரோட்டம் குருவியை இழுத்துக்கொண்டு போனது. எல்லாரும் குழியையே பார்த்தார்கள். ராணி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். தன் மகளுக்காக ஒரு சின்ன உயிரைக் கொன்றுவிட்டோமோ என்று அவள் பயந்தாள்.

ஆனால் குருவி ஆற்றின் அடியில் கூழாங்கற்களைக் காலால் பற்றிப் பற்றி, ஓட்டத்தை எதிர்த்து நடந்து வந்தது. குழியில் தலையை நீட்டி, கல்லில் ஏறி நின்றது. அதன் அளவுக்குச் சட்டை ஏது? பாதிரியார் வெள்ளைத் துணியில் ஒரு துண்டு கிழித்து அதன் கழுத்துக்குக் கீழே கட்டிவிட்டார்.

“இப்போது பாடு,” என்றார் ராஜா.

குருவி வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. ஒருவன் மண்வெட்டியை எடுக்கக் குனிந்தான். குருவி தண்ணீரை உதறிவிட்டு மறுபடி வாயைத் திறந்தது.

“டோவா, என் டோவா, குளிருதா கண்ணே...”

ஒரு சொல்கூடத் தவறவில்லை. அந்த அருவி இரைச்சலையும் மீறி அக்கரை வரை கேட்டது. அந்த உடம்பில் அவ்வளவு பெரிய குரல் இருக்கும் என்று யாரும் எண்ணியிருக்கவில்லை.

“சரியாக நனையவில்லை போலிருக்கிறது,” என்று பாதிரியார் முணுமுணுத்தார். அவர் கையை நீட்டுவதற்குள் குருவி தானாகவே குழிக்குள் குதித்தது. எழுந்து வந்தது, முழங்காலை மடக்கியது, பாடியது. மறுபடியும் குதித்தது. மறுபடியும் பாடியது. கடைசியில் பாதிரியாரே சிரித்துவிட்டார். “இதை நனைக்க முடிகிறது, மாற்ற முடியவில்லை,” என்றார்.

ராஜா வாக்குத் தவறவில்லை. மண்மேடு தப்பியது. பிறகு அவர் ராணியின் பக்கம் திரும்பினார்.

“நீ கேட்டது கிடைத்துவிட்டது. இப்போதாவது வா.”

“மாட்டேன்.”

“ஞானஸ்நானம் பெறாத ராணி என் பக்கத்தில் உட்கார்ந்தால் தெற்கத்திக்காரர்கள் மறுபடி படையெடுப்பார்கள். உன்னைக் கப்பலேற்றி அனுப்ப வேண்டியிருக்கும்.”

“அனுப்புங்கள். என் மகள் பெயரைச் சொல்லக் கூடாத வீட்டில் எனக்கு நாற்காலி எதற்கு?”

அப்படிச் சொல்லிவிட்டாளே தவிர, மேட்டைவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. கப்பல் புறப்படும் நாளில் குருவியின் கல்லருகே வந்து நின்றாள்.

“குளிருக்குப் பயந்து மற்ற பறவையெல்லாம் தெற்கே போய்விட்டன,” என்றாள். “நீயும் போவாய். பிறகு அவளை யார் கூப்பிடுவார்கள்?”

“நான் போகவில்லை,” என்றது குருவி.

“ஆறு உறைந்து கிடக்கிறது. தின்ன ஒரு பூச்சி கிடைக்காது.”

“தண்ணீருக்கு அடியில் நிறையக் கிடக்கிறது. அன்றைக்குப் பார்த்தேன்.”

ராணி அழுதாள். அழுததை ராஜாவிடமும் மறைக்கவில்லை, ஊராரிடமும் மறைக்கவில்லை. கப்பலில் ஏறி நிமிர்ந்து நின்று, கரை மறையும்வரை சத்தம் போட்டுப் பாடிக்கொண்டே போனாள். அவளைத் தடுக்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

பாதிரியார் துணி கட்டிவிட்ட அந்த நாளிலிருந்துதான் அருவிக் குருவியின் கறுப்பு உடம்பில் கழுத்துக்குக் கீழே மட்டும் வெள்ளை இருக்கிறது. காடே வாய்மூடிக் கிடக்கும் கடுங்குளிரிலும் அது ஆற்றைவிட்டுப் போவதில்லை. ஒவ்வொரு நாளும் பலமுறை பனிநீரில் மூழ்குகிறது, எழுகிறது, கல்லில் ஏறி நின்று முழங்காலை மட்டும் மடக்குகிறது. பிறகு தண்ணீர் சொட்டச் சொட்ட, டோவாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது.