நாற்பது குடம்

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் வடிவாம்பாள் நடத்திவந்த தியான இல்லத்தில் பதினொரு பேர் தங்கியிருந்தார்கள். வடிவாம்பாளுக்கு நாற்பத்துநான்கு வயது. அவரிடம் பாடம் கேட்க வந்தவர்களில் மூத்தவர் சென்னியப்பன். அறுபத்து மூன்று முடிந்துவிட்டது. பஞ்சாலை ஒன்றில் முப்பது வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். அவர் கண்ணில் படாமல் ஒரு நூல்கண்டுகூட வெளியே போகாது என்று ஆலையில் பேசிக்கொள்வார்கள். அவரும் அதைச் சொல்லிக்கொள்வார். இல்லத்தின் அன்றாட நிர்வாகம் அவர் கையில் இருந்தது.

மாசி மாதம் வந்த இரண்டு மாதத் தண்ணீர் பில் வழக்கமாக வருவதில் ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தது. வடிவாம்பாள் அப்போது ஊரில் இல்லை. வெளியூர் வகுப்புகளுக்காக இரண்டு மாதப் பயணம் போயிருந்தார்.

சென்னியப்பன் அதிகம் யோசிக்கவில்லை. மதில் சுவரை ஒட்டி வெளியே ஒரு குழாய் இருந்தது. மேட்டுத் தெருவிலிருந்து பாவாயி என்ற பெண் தினமும் காலையில் வந்து அதில் தண்ணீர் பிடிப்பாள். தென்னை மரத்திலிருந்து விழுந்த அவள் கணவன் இரண்டு வருடமாகப் படுத்த படுக்கை. துவைக்கவும் துடைக்கவும் தண்ணீர் போதாமல் அவள் திண்டாடியதைக் கேள்விப்பட்டு, வந்து பிடித்துக்கொள்ளச் சொன்னதே வடிவாம்பாள்தான்.

மூன்று நாள் வாசலில் நின்று எண்ணினார் சென்னியப்பன். நாளுக்கு ஆறு குடம். நான்காம் நாள் குழாய்க்குப் பூட்டு வந்தது. பாவாயி வந்தபோது, இனி இங்கே தண்ணீர் இல்லை என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆள் பார்க்காத நேரத்தில் இன்னும் எத்தனை குடம் போனது என்று, தெருவில் இரண்டு பேர் நிற்கும்போதே கேட்டுவிட்டார். வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

வீட்டுக்குள்ளும் சட்டங்கள் வந்தன. குளிக்க ஒரு வாளிக்கு மேல் கூடாது. துணி வாரம் இரண்டு நாள். சமையல்காரர் மாணிக்கம் பாத்திரம் கழுவும்போது சென்னியப்பன் பின்னால் போய் நின்றார். எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே அடங்கிப் போனார்கள். அடுத்த பில் இறங்கிவிடும் என்பதில் அவருக்குத் துளி சந்தேகமும் இல்லை.

அடுத்த பில்லும் வடிவாம்பாளும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தார்கள். பில் இறங்கவில்லை. கொஞ்சம் ஏறியிருந்தது.

சென்னியப்பன் அதை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் உட்கார்ந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார், பூட்டியதையும் சேர்த்து. பிறகு கேட்டார்.

"அம்மா, நான் இவ்வளவு கட்டுப்படுத்தியும் நிக்கலைங்க. மனுஷங்ககிட்ட இருக்கிற இந்த வீணாக்குற புத்தியை எப்படிங்க திருத்துறது?"

"பில்லைப் படிச்சீங்களா?"

"பார்த்தேனுங்க. தொகை கூடியிருக்குது."

"தொகை கடைசி வரியில இருக்குது. மேல இருக்கிறதைப் படிங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். போன முறை மீட்டர் காட்டிய எண், இந்த முறை காட்டிய எண். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் செலவான தண்ணீர். தொண்ணூற்றெட்டாயிரம் லிட்டர். பழைய பில்களையும் எடுத்து வரச் சொன்னார் வடிவாம்பாள். மாசி பில்லில் தொண்ணூற்றாறாயிரம். அதற்கு முன்னால் வருடம் முழுக்க அறுபதாயிரத்தைச் சுற்றியே இருந்தது.

"மாசியில கூடினது முப்பத்தாறாயிரம். அறுபது நாளுக்கு. ஒரு நாளைக்கு எத்தனை?"

"அறுநூறு லிட்டருங்க."

"ஒரு குடம் எவ்வளவு பிடிக்கும்?"

"பதினஞ்சு."

"அப்ப எத்தனை குடம்?"

ஸ்டோர் கணக்கில் பழகிய மனம். பதில் உடனே வந்துவிட்டது. சொல்வதற்குத்தான் நேரம் ஆனது.

"நாற்பது குடமுங்க."

"நீங்க எண்ணினப்ப எத்தனை?"

சென்னியப்பன் பில்லை மடித்தார். மறுபடி பிரித்தார். அறுபதாயிரம் வந்த காலத்திலும் அந்த ஆறு குடம் அதற்குள்தான் இருந்தது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மதியச் சாப்பாடு முடிந்ததும் யாரும் எந்தக் குழாயையும் தொட வேண்டாம் என்று வடிவாம்பாள் எல்லாரிடமும் சொன்னார். மாடித் தொட்டி நிரம்பியிருந்தது. நிரம்பினால் உள்ளே இருக்கும் மிதவை தண்ணீரை அடைத்துவிடும். மீட்டரும் நின்றுவிட வேண்டும்.

வாசல் பக்கத்துக் குழிக்குள் இருந்த மீட்டருக்கு எதிரே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார் சென்னியப்பன். எண்களுக்குக் கீழே சின்னதாக ஒரு சிவப்புச் சக்கரம். அது நகர்ந்தது. கொஞ்சம் நின்றது. பிறகு மறுபடி நகர்ந்தது. ஒரு மணி நேரம் பார்த்தார். அது அடங்கவேயில்லை.

மீட்டர் பழுது என்று உள்ளே வந்து உறுதியாகச் சொன்னார். நகராட்சிக்கு எழுதிப் போட வேண்டும் என்றார். மீட்டருக்கு அடுத்திருக்கும் வால்வை மூடிவிட்டுப் பார்க்கச் சொன்னார் வடிவாம்பாள். மூடினார். சக்கரம் அந்த நொடியே நின்றது. மீட்டரில் பழுதில்லை. தண்ணீர் வீட்டுக்குள்தான் எங்கோ போய்க்கொண்டிருந்தது.

வால்வைத் திறந்துவிட்டு அவர் தேடத் தொடங்கினார். அடுப்படி ஈரமாக இல்லை. தோட்டத்து மண் காய்ந்து கிடந்தது. குளியலறைக் குழாய்களில் ஒரு சொட்டு இல்லை. வேர்த்து விறுவிறுத்து அவர் திரும்பியபோது, வடிவாம்பாள் ஒரு செம்பில் மஞ்சள்தூளைக் கரைத்துக்கொண்டிருந்தார்.

இல்லத்தில் ஐந்து கழிப்பறைகள். ஒவ்வொன்றின் ஃப்ளஷ் தொட்டியிலும் கொஞ்சம் மஞ்சள் தண்ணீரை ஊற்றி, கால் மணி நேரம் விட்டுவிட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டி கசிந்தால் கீழே பீங்கானில் மஞ்சள் இறங்கும். சென்னியப்பன் நான்கில் ஊற்றினார். நான்கும் வெள்ளையாகவே இருந்தன. செம்பைக் கொண்டுவந்து வைத்தார்.

"மீதி இருக்குதே" என்றார் வடிவாம்பாள்.

"இன்னொண்ணு என் அறையில இருக்கிறதுங்க. அங்க வேண்டியதில்லை. நான் பார்த்துப் பார்த்துத்தான் செலவு பண்றேன்."

அவர் செம்பை எடுத்து சென்னியப்பன் கையில் திருப்பிக் கொடுத்தார்.

அவர் அறையில் ஊற்றிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தொட்டியிலிருந்து பீங்கானின் பின்பக்கமாக ஒரு மஞ்சள் இழை இறங்கியது. பக்கத்தில் இன்னொன்று. சத்தமே இல்லை. காதை வைத்துக் கேட்டாலும் கேட்காது. தான் தூங்கும்போதும் விழித்திருக்கும்போதும், வாசலில் நின்று அடுத்தவள் குடத்தை எண்ணியபோதும் அது இப்படித்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது என்று நினைத்தபடி, அவர் வெகுநேரம் அங்கேயே நின்றார்.

தொட்டியின் அடியிலிருந்த ரப்பர் வாஷர் தேய்ந்து நைந்திருந்தது. கடைக்குப் போய்ப் புதிது வாங்கிவந்து அவரே மாட்டினார். மறுநாள் மதியம் மீட்டர் முன்னால் உட்கார்ந்தபோது சிவப்புச் சக்கரம் அசையாமல் இருந்தது. மாணிக்கத்திடம் போய், தான் செய்தது தவறு என்றார். சுவரில் ஒட்டிய சட்டங்களைக் கிழித்தார். இனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மீட்டர் எண்ணைக் குறித்துவைப்பதாக எல்லாரிடமும் சொன்னார். வெளிக் குழாயின் பூட்டையும் எடுத்துவிட்டார்.

பாவாயி வரவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு அவளைத் தேடி மேட்டுத் தெருவுக்கே போனார். ஏற்றம் செங்குத்தாக இருந்தது. மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். அந்தத் தெருவிலும் நகராட்சிக் குழாய் போட்டிருந்தார்கள். ஆனால் தண்ணீருக்கு அவ்வளவு உயரம் ஏற வேகம் போதாமல் குழாய்கள் துருவேறிக் கிடந்தன. வீட்டு வாசலில் கணவனின் விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தாள் பாவாயி. பாதி வாளித் தண்ணீரில் நான்கு விரிப்புகள்.

கசிந்தது தன் அறையில்தான் என்று மறைக்காமல் சொன்னார். தெருவில் வைத்துக் கேட்டது பெரிய தப்பு, மன்னிக்க வேண்டும் என்றார். அவள் எழுந்து நின்று, பரவாயில்லைங்க என்றாள். மோர் வேண்டுமா என்றுகூடக் கேட்டாள். குழாய் திறந்திருக்கிறது, நாளைக்கே வாருங்கள் என்றார். சரிங்க என்றாள்.

மறுநாளும் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

சென்னியப்பன் வடிவாம்பாளிடம் போனார். உட்காரவில்லை.

"பூட்டை எடுத்துட்டேனுங்க. நேர்ல போய் மன்னிப்பும் கேட்டுட்டேன். அவங்க வர்ற மாதிரி தெரியலை. நான் இன்னும் என்னங்க பண்ணணும்?"

"தண்ணி அந்த மேட்டுல ஏறாதுங்க" என்றார் வடிவாம்பாள். "நீங்க குடத்தோட ஏறலாம்."