பத்தாவது பெயர்

பேராசிரியர் தவமணி பாடம் சொன்ன நேரத்தைவிடப் பேசாமல் இருந்த நேரம்தான் அதிகம் என்று அவரிடம் படித்தவர்கள் சொல்வார்கள். அரசுப் பல்கலைக்கழகத்தில் முப்பது ஆண்டுகளாகப் புவியியல் நடத்தியவர். இளங்கலை, முதுகலை, முனைவர் பட்டம் என்று அவரிடமே பத்து வருடம் படித்துவிட்டு, அதே துறையில் கௌரவ விரிவுரையாளராக ஒட்டிக்கொண்டிருந்தான் சூசைராஜ். கௌரவம் பெயரில் இருந்தது. சம்பளம் இருபதாயிரம், மே மாதம் அதுவும் கிடையாது.

அந்த ஆண்டு ஒரு சுற்றறிக்கை வந்தது. பத்துப் பேர் சேராத பாடத்தை மூடிவிடுவார்கள். சேர்ந்த மாணவர்களுக்கு வேறு பாடத்தில் இடம் தருவார்கள். பேராசிரியரை வேறு எங்காவது மாற்றுவார்கள். சூசைராஜை வீட்டுக்கு அனுப்புவார்கள். அவன் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம்.

ஒருநாள் அவன் கேட்டான்.

"மேடம், இந்தப் பட்டத்துக்கு என்ன மதிப்புன்னு கேக்கறாங்க. படிச்சா எவ்வளவு சம்பாதிக்கலாம்னு. என்ன சொல்றது?"

"யார் கேட்டாங்க?"

"எல்லாரும்தான் மேடம்."

"எல்லாருக்கும் சொல்ல என்கிட்ட பதில் இல்ல. யாராவது ஒருத்தர் வந்து கேட்கட்டும்."

வேறு சமயமாக இருந்தால் சூசைராஜ் இதை நோட்டில் குறித்துவைத்திருப்பான். இப்போது எரிச்சல்தான் வந்தது. வீடு தீப்பற்றி எரியும்போதா இப்படிப் பேசுவது என்று நினைத்தான்.

அவனே ஒரு நோட்டீஸ் அடித்தான். 'புவியியல் படியுங்கள், மாதம் ரூ.40,000 வரை வருமானம்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே தன் போன் நம்பரையும் போட்டான். நாற்பதாயிரம் என்பது பொய்யில்லை. முன்பு படித்த ஒரு பையன் வெளிநாட்டுக் கம்பெனியில் அவ்வளவு வாங்குகிறான். மற்றவர்கள் எல்லாரும் அந்த 'வரை' என்ற சொல்லுக்குள் அடங்கிவிட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டில் நின்று ஐந்நூறு நோட்டீஸ் கொடுத்தான். ஏற்கெனவே சேர்ந்திருந்தவர்கள் ஒன்பது பேர். ஒரு வாரம் ஆகியும் ஒன்பதுதான். சேர்க்கையின் கடைசி நாள், மதியம் மூன்று மணிக்கு, அந்த ஐந்நூறில் ஒன்று துறை வாசலுக்கு வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவர் ராக்கம்மாள் என்ற ஓர் அம்மா. கூடவே மகள் சிவரஞ்சனி. மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு நூல்மில்லில் வேலை பார்க்கிறாள், மில் விடுதியிலேயே தங்கல். ஒருநாள் லீவு சொல்லி வந்திருந்தாள். பேசும்போதெல்லாம் கொஞ்சம் சத்தமாகப் பேசினாள். மிஷின் இரைச்சலில் பேசிப் பழகிய தொண்டை.

சூசைராஜுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விண்ணப்பத்தை எடுத்து முன்னால் வைத்தான். பேனாவையும் திறந்து கொடுத்தான். அந்தப் பெண் தன் பெயரை எழுதத் தொடங்கினாள்.

"ஒரு நிமிசம் தம்பி," என்றார் ராக்கம்மாள். "மில்லுல மூணு வருசம் முழுசா முடிச்சாத்தான் மொத்தமா எழுபதாயிரம் தருவாங்க. ரெண்டு வருசம் முடிஞ்சிருச்சு. இப்ப விட்டுட்டு வந்தா அது அம்புட்டும் போச்சு. அவ கழுத்துக்குன்னு நெனச்சு வெச்ச காசு. அதான் கேக்கேன். இந்த நாப்பதாயிரம் நெசந்தானா?"

"அதெல்லாம் யோசிக்காதீங்கம்மா. படிச்சு முடிச்சா, ரெண்டே மாசத்துல அந்த எழுபதாயிரத்த எடுத்துரலாம்."

சொல்லி வாய் மூடுவதற்குள் அறையின் மறுபக்கத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தவமணி எழுந்து வந்து அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒருத்தர் வந்து கேட்டுட்டாங்க," என்றார் அவனிடம்.

ராக்கம்மாளின் கையிலிருந்த நோட்டீஸை வாங்கித் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதை அவன் முன்னால் வைத்தார்.

"அஞ்சு வருஷத்துக்கு முன்னால முடிச்ச பேட்ச் இருக்குல்ல, அவங்க பேரை வரிசையா எழுது."

அவன் எழுதினான். எட்டுப் பேர். ஒவ்வொரு பெயருக்கும் அவர் விவரம் சொன்னார். தன்னிடம் படித்த யாருடைய தொடர்பையும் அவர் விட்டுவிட்டதில்லை. ஒருத்தி மேலே பி.எட். படித்து அரசுப் பள்ளியில் ஆசிரியை. ஒருவன் பரீட்சை எழுதி நில அளவைத் துறைக்குப் போய்விட்டான். இருவர் சென்னையில், கம்ப்யூட்டரில் வரைபடம் சரிபார்க்கும் வேலை, பதினெட்டாயிரம். ஒருத்தி ஜவுளிக் கடையில் பில் போடுகிறாள், பன்னிரண்டாயிரம். ஒருவன் அப்பாவின் லாரியை ஓட்டுகிறான். மற்ற இருவருக்கும் இன்னும் ஒன்றும் அமையவில்லை.

"எழுதிட்டேன் மேடம்."

"ஒண்ணு குறையுது."

"அந்த பேட்ச்ல எட்டுப் பேர்தான் மேடம்."

"உன் பேரை எழுது."

சூசைராஜ் அவர் முகத்தைப் பார்த்தான். விளையாட்டாகச் சொன்னதாகத் தெரியவில்லை. காது சுட்டது. தன் பெயரை எழுதினான். பக்கத்தில் இருபதாயிரம் என்று போட்டான்.

"மே மாசத்தை எழுதலையே."

அதையும் எழுதினான்.

ராக்கம்மாள் தாளை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் விரல் நின்றது.

"நீங்க எத்தன வருசம் படிச்சீங்க தம்பி?"

"பத்து வருஷம்மா."

"பெறகு ஏன் இங்கனயே இருக்கீங்க?"

அவர் குரலில் கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதற்குத் தன்னிடம் பதில் இருப்பதாகச் சூசைராஜ் இத்தனை நாளும் நம்பியிருந்தான்.

தவமணி அந்தப் பெண்ணிடம் திரும்பினார்.

"நீ ஏம்மா இந்தப் பாடத்தைக் கேட்ட?"

"பீஸ் கம்மி. மத்த எதுலயும் இடம் இல்லைன்னுட்டாங்க."

"நானும் அப்படித்தான் வந்தேன்."

சிவரஞ்சனி சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

"மில்லுல வேற ஏதும் தொந்தரவு உண்டா? மறைக்காமச் சொல்லு."

"இல்ல மேடம். தூக்கம்தான் பத்தாது."

"அப்ப இன்னும் ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு. பணத்தை முழுசா வாங்கிட்டு வா. உங்க அம்மா கையில அது இருந்தா, படிப்பு முடிஞ்சு வேலை கிடைக்கிற வரைக்கும் நீ பதறாம தேடலாம். ரெண்டு வருஷம்கூட ஆகலாம் அதுக்கு."

"அடுத்த வருசம் இங்க இடம் இருக்குமா?"

"தெரியாது. பத்துப் பேர் சேரலன்னா துறையையே மூடிருவாங்க."

"இப்ப எத்தன பேரு?"

"ஒம்பது."

அந்தப் பெண் விண்ணப்பத்தைப் பார்த்தாள். அவள் பெயர் அதில் பாதி எழுதியபடி கிடந்தது.

"நான் எழுதினா பத்து ஆயிரும்."

"ஆகும். அது எங்க கவலை. உன் முடிவுல அதைச் சேர்க்காதே."

எழுதட்டும், எழுதிவிடட்டும் என்று சூசைராஜுக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவள் பேனாவை விரலுக்குள் உருட்டிக்கொண்டே யோசித்தாள். கடைசியில் பேனாவை மூடி அவன் பக்கம் வைத்தாள்.

ராக்கம்மாள் அந்த நோட்டீஸை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "வாறோம்மா," என்று தவமணியிடம் சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினார்.

ஐந்து மணிக்கு அலுவலகத்திலிருந்து எழுத்தர் வந்து பட்டியலை வாங்கிப் போனார். அதில் ஒன்பது பெயர்கள் இருந்தன. அவர் போனதும் சூசைராஜ் தவமணியிடம் திரும்பினான்.

"என் வேலை போச்சு மேடம். சரி, அதை விடுங்க," என்றான். "அந்தப் பொண்ணு அடுத்த ஜூன்ல உங்களை நம்பி இந்த வாசல்ல வந்து நிப்பா. இங்க பூட்டு தொங்கும். அப்போ, இன்னிக்கு நீங்க சொன்ன உண்மையால அவளுக்கு என்ன பிரயோஜனம்?"

தவமணி, தான் முப்பது வருடம் உட்கார்ந்த அறையை ஒருமுறை பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

"அந்த நோட்டீஸ் அவங்க பையில இருக்கு. உன் நம்பர் அதுல இருக்கு. இங்க இல்லன்னு தெரிஞ்சா உன்னைத்தான் கூப்பிடுவா," என்றார். "வேற எந்த ஊர்ல இந்தப் பாடம் இருக்கு, அவ ஊர்ல இருந்து எந்த பஸ், எங்க இறங்கணும், அங்கிருந்து ஹாஸ்டல் எவ்வளவு தூரம்னு அவளுக்குச் சரியாச் சொல்லு. பத்து வருஷம் நான் உனக்கு வேற என்ன சொல்லிக்கொடுத்தேன்?"