முழங்கால் உயரத்துச் சுண்ணாம்பு

செங்கல் சூளைக்காரன் ஒச்சப்பன் லாக்கப்பில் செத்து ஏழு நாளாகியிருந்தது. ஜன்னல் கம்பியில் வேட்டியைக் கட்டித் தொங்கிவிட்டான் என்று போலீஸ் எழுதி வைத்திருந்தது. அதிகாரிகள் மூன்று பேர் வந்து பார்த்து, ஆமாம் என்று கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். நாலாவதாக வந்தவர் மனித உரிமை ஆணைய நீதிபதி திருமேனிநாதன். பிறவியிலேயே பார்வை இல்லாதவர்.

இன்ஸ்பெக்டர் கோட்டைச்சாமிக்கு ஒரே குஷி. "வச்சது வச்சபடி இருக்குங்கய்யா. நல்லாப் பார்த்துக்குங்க" என்றார். பின்னால் நின்ற போலீஸ்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"பார்த்துட்டாப் போச்சு" என்ற நீதிபதி, சுவரை ஜன்னல் உயரத்திலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுந்தபோது உள்ளங்கை வெள்ளையாக இருந்தது.

"புதுச் சுண்ணாம்பு எதுக்கு?"

"பெரியவங்க வந்தா ஸ்டேஷனுக்கு வெள்ளையடிக்கிறது வழக்கமுங்க."

"ஜன்னல்கிட்ட ஒட்டடைகூட அப்படியே கையில ஒட்டுது. முழங்கால் உயரத்துக்கு மட்டும் வெள்ளையா? தொங்கினவனுக்குக் கீழே என்னய்யா வேலை?"

கோட்டைச்சாமி பின்னால் நின்ற போலீஸ்காரர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"கறையை மறைக்க அடிச்சிருக்கீங்க. எனக்குக் கறை தெரியாது. ஆனா நகத்தால பிறாண்டின பள்ளம் சுண்ணாம்புக்குள்ள தட்டுப்படுது. நாலு விரல். இந்தச் சுவரை யாரும் தொடக்கூடாது."

வெளியே ஒச்சப்பனின் மனைவி பேச்சி எல்லாவற்றையும் கேட்டபடி காத்திருந்தாள். தீர்ப்பு என்னவென்று அவள் கேட்கவில்லை. நீதிபதியின் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"அவரு கடைசியாத் தொட்ட சுவத்துச் சுண்ணாம்பாங்கய்யா இது?"

"ஆமாம்மா."

அந்த வெள்ளைக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நீதிபதி கையை இழுத்துக்கொள்ளாமல் நின்றார்.