பள்ளத்து வயலில் புதைந்த மெஷின்

இதைக் கேட்பவர் கடைசியில் ஒரு தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். அதனால் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

கீழப்பனையூரில் தையல்நாயகி என்றொருத்தி இருந்தாள். கணவன் இறந்தபின் நான்கு ஏக்கரையும் அவளே பயிர் செய்தாள். ஐப்பசி மழையில் நட்ட பயிர் மூழ்கிப் போனபோது, மாரிக்கண்ணுவும் அவளோடு வேலைக்குப் போகும் பெண்கள் பதினெட்டுப் பேரும் முழங்கால் சேற்றில் நின்று மறுபடி நட்டுக் கொடுத்தார்கள். "அறுப்பும் உங்களுக்குத்தான். அறுப்பு மெஷினை இறக்க மாட்டேன்" என்று தையல்நாயகி அன்றைக்கு வாக்குக் கொடுத்தாள். ஊரில் மற்ற வயல்களெல்லாம் மெஷினுக்குப் போய்விட்டன. அந்தப் பெண்களுக்குக் கூலி நெல் கிடைக்க இருந்த வயல் இது ஒன்றுதான்.

தை பிறந்து கதிர் முற்றியது. அறுப்புக்கு முந்தின மாலை, மறுநாள் பொழுது சாயும்போது பெருமழை வரும் என்று செய்தியில் சொன்னார்கள். கையால் அறுக்க மூன்று நாள் வேண்டும். கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்தால் முளைத்துவிடும். தையல்நாயகி யாரிடமும் சொல்லாமல் மெஷினுக்குப் போன் செய்தாள்.

காலையில் அரிவாளோடு வந்த பெண்கள், வயலுக்குள் மெஷின் ஓடுவதைப் பார்த்தார்கள். யாரும் சண்டைக்குப் போகவில்லை. திரும்பிப் போகவும் மனமில்லாமல் வரப்பில் உட்கார்ந்தார்கள்.

நண்பகலுக்குள் மூன்றரை ஏக்கர் முடிந்தது. மீதி அரை ஏக்கர் பள்ளத்து வயல். உள்ளே போன மெஷினின் டயர் சேற்றில் புதைந்தது. டிரைவர் இறங்கிப் பார்த்துக் கையை விரித்தார். அதற்குள் கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது.

தையல்நாயகி வரப்போரம் வந்து நின்றாள். "மாரிக்கண்ணு, நான் செஞ்சது தப்புதான். இதை மட்டும் அறுத்துக் குடுங்க."

அந்தப் பெண்களில் ஒருத்தியான வேதவல்லி முந்திக்கொண்டாள். "காலையில நாங்க வேண்டாம். மெஷினால முடியலைன்னதும் வேணுமா? இன்னைக்கு இறங்கினா, இனிமே மெஷின் போகாத மூலைக்கு மட்டுந்தான் நம்மளைக் கூப்பிடுவாங்க."

மாரிக்கண்ணு வானத்தைப் பார்த்தாள்.

"அந்தப் பயம் எனக்கும் இருக்குடி. ஆனா இது நாம நட்டது. கண்ணு முன்னால அழுகுறதைப் பார்த்துக்கிட்டு இருக்க என்னால முடியாது."

அவள் இறங்கினாள். பாதிப் பேர் பின்னால் இறங்கினார்கள். வேதவல்லி மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். கடைசிக் கட்டு கொட்டகைக்குள் போகவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது.

வாக்கை மீறி மெஷினை இறக்கிய தையல்நாயகி, இறங்க மறுத்த வேதவல்லி, இறங்கி அறுத்த மாரிக்கண்ணு. இந்த மூவரில் யார் செய்தது சரி?

நான் மாரிக்கண்ணு பக்கம். மெஷினைக் கூப்பிட்டதைக் கூட மழையின் பேரில் மன்னிக்கலாம். முந்தின மாலையே அந்தப் பெண்களின் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லாததுதான் தையல்நாயகியின் குற்றம். வேதவல்லியின் கோபத்தில் பிழை இல்லை. அவள் பயந்ததைவிட மோசமாகவே நடந்தது. அடுத்த தையில் டயருக்குப் பதில் பெல்ட் பூட்டிய, சேற்றில் புதையாத அறுப்பு வண்டி வந்து பள்ளத்து வயலையும் அறுத்துவிட்டுப் போனது. அப்படி நடக்குமென்று தெரிந்திருந்தாலும் மாரிக்கண்ணு அன்றைக்கு இறங்கித்தான் இருப்பாள்.