மாவு சொன்ன தீர்ப்பு

வெகு காலத்துக்கு முன்னால் செம்மலை நாட்டைக் கீர்த்திமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் எதையும் ஆற அமர விசாரிக்கப் பொறுமை கிடையாது. அந்தப் பொறுமையின்மைக்குத் தோதாக அவன் சபையில் ஒரு வழக்கம் இருந்தது.

குற்றம் சாட்டப்பட்டவன் கையில் ஒரு பிடி உலர்ந்த அரிசிமாவை வைத்து மூடச் சொல்வார்கள். சத்தியம் செய்தபின் விரலை விரிக்க வேண்டும். மாவு உதிர்ந்தால் அவன் சொன்னது மெய். கொழுக்கட்டை மாதிரி பிடித்துக்கொண்டால் பொய். பொய் சொன்ன கையை வெட்டிவிடுவார்கள். மாவு வைத்துத் தீர்ப்புச் சொல்பவர் விடங்கர். தன் மாவு தப்பியதே இல்லை என்று அவருக்குப் பெருமை. எதையும் கேள்வி கேட்கிற அமைச்சர் மாதவராயரைக் கண்டால் ஆகாது.

ஒரு மழைக்காலத்தில் பட்டத்து யானை திடீரென்று செத்துப்போனது. தீனி வைத்த வேலாண்டியைப் பிடித்து வந்தார்கள்.

"நான் விஷம் வைக்கலை, மகாராஜா" என்றான். கையை விரித்தான். மாவு கட்டியாக இருந்தது.

"நாளைக் காலையில் வெட்டுங்கள்" என்று ராஜா எழுந்துவிட்டான்.

மறுநாள் சபை கூடியது. வேலாண்டியின் மனைவி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாதவராயர் எழுந்தார்.

"மகாராஜா, இவனிடம் நான் ஒன்று கேட்க வேண்டும். மாவைக் கையில் வைத்தே பதில் சொல்லட்டும்."

"உமக்குக் கேட்காமல் இருக்கத்தான் தெரியாதே. கேளும்."

விடங்கர் தாமே மாவை வைத்து மூடினார்.

"வேலாண்டி, இந்த நாட்டுக்கு ராஜா யார்?"

"கீர்த்திமாற மகாராஜாதான், சாமி."

கையை விரித்தான். மாவு கட்டியாக இருந்தது. 

"விடங்கரே, மாவு என்ன சொல்கிறது? நம் மகாராஜா, ராஜா இல்லையா?"

விடங்கர் அந்தக் கட்டியையே உற்றுப் பார்த்தார். நெற்றி வியர்த்து வழிந்தது.

"உங்களுக்கும் வியர்க்கிறதே ஐயா. பொய்யாலா, பயத்தாலா?" என்றார் மாதவராயர்.

ராஜா சிரிக்கவில்லை. "பிறகு இவன் கை ஏன் நனைகிறது?"

"நேற்று மத்தியானம் சிறைக்குப் போயிருந்தேன். இவன் அசந்து தூங்கினான். கை காய்ந்து கிடந்தது. விழித்ததும் நனைந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே இப்படித்தானாம். இவன் அப்பாவுக்கும் இருந்ததாம். இது உடம்பின் வாகு, மகாராஜா. பயம் சேர்ந்தால் இன்னும் கூடும். வெட்டுவோம் என்று மிரட்டிவிட்டு வியர்க்காதே என்றால் நடக்குமா?"

அரண்மனை வைத்தியரும் ஆமோதித்தார். கடுக்காய்த் தோலைக் கொதிக்க வைத்து ஆறிய நீரில் தினமும் கையை ஊறவைத்தால் கொஞ்சம் மட்டுப்படும், முழுக்கப் போகாது, இவனைக் கூசவைக்காமல் இருந்தாலே பாதி குறையும் என்றார். யானை வைத்தியரும் அப்போதுதான் வாய் திறந்தார். மழையில் நனைந்து பூசணம் பிடித்த தீனிதான் யானையைக் கொன்றதாம். கொட்டகைக் கூரை ஒழுகுவதை வேலாண்டி முன்னமே சொல்லியிருக்கிறான். மாவு பேசிவிட்ட பிறகு இதையெல்லாம் யாரும் கேட்கவில்லை.

ராஜா வேலாண்டியின் கட்டை அவிழ்க்கச் சொன்னான். தன் முத்துமாலையைக் கழற்றி மாதவராயரிடம் நீட்டினான். அவர் வாங்கவில்லை.

"போன வருஷம் பூந்தோட்டத்து நல்லதம்பிக்கும் மாவு கட்டியாகத்தான் இருந்தது, மகாராஜா. அன்று எனக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை."

ராஜாவின் முகம் செத்துப்போனது. பல்லக்கு வேண்டாம் என்று நடந்தே கிளம்பினான். விடங்கரையும் கூட வரச் சொன்னான். ஊர்க்கோடியில் நல்லதம்பியின் வீட்டுவாசலில் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"நல்லதம்பி, தப்பு என்னுடையது. உன்னை விசாரிக்காமல் மாவை நம்பினேன்."

 நல்லதம்பி மிச்சமிருந்த இடது கையை நீட்டினான்.

"இதுவும் வேர்க்குது, மகாராஜா. அன்னிக்கே தொட்டுப் பாத்திருக்கலாமே."

ராஜா அந்தக் கையைத் தொட்டான். நனைந்திருந்தது.